முல்லைத்தீவில் எத்தனை பேருக்குக் கண்ணுக்குள் அழற்சி இருக்கும்? கணக்குப் போடுகிற முறை

காலபோக அறுவடை முடிந்த கையோடு நடந்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒரு அண்ணை எழும்பிக் கேட்டார்: "ஒரே ஒழுங்கையில மூன்று பேருக்குக் கண் பழுது. எங்கட பக்கம் இது கூடவோ, இல்லாட்டி எல்லா இடமும் இப்படித்தானோ?" ஒருவர் குளத்துத் தண்ணி என்றார், இன்னொருவர் வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார், பின்னுக்கிருந்த ஒரு அக்கா போனைப் பார்த்துப் பார்த்துத்தான் என்றார். கண் கிளினிக்கில் சில வருடம் கொப்பி எழுதிய ஆள் என்பதால் கடைசியில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கொப்பி எழுதுவது வேறு, கணக்குத் தெரிவது வேறு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு வாசித்து, கேட்டு, பிழையாகப் போட்டு, திருத்திப் போட்ட கணக்கு இது. சங்கத்துக்காகவோ, கண் முகாம் நடத்துகிற இளைஞர் கழகத்துக்காகவோ, பல்கலைக்கழக ஆய்வுக்காகவோ இதே கேள்வியோடு நிற்கிற ஆட்களுக்கு உதவும். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை, பெருக்கலும் வகுத்தலும் போதும்.

எதை எண்ணப் போகிறீர்கள்?

முதல் பிழை இங்கேதான் நடக்கிறது. "கண் வருத்தம்" என்று ஊரில் சொன்னால் அதற்குள் எல்லாம் அடங்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்து வகுப்பு முழுக்கப் பரவுகிற கண்நோய், வயதான ஆளின் வெண்புரை, தூசி விழுந்து சிவந்த கண், எல்லாம் ஒரே பெயரில் போகும். பூளை தள்ளி, அரித்து, இரண்டு கண்ணும் சிவந்து, ஒரு கிழமை இரண்டு கிழமையில் தானே ஆறுகிற கண்நோயை இந்தக் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு வீங்கிவிடும். அதை விடுங்கள்.

நாம் தேடுவது பார்வையைப் பறிக்கக்கூடிய அழற்சி. முதலாவது யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள்ளே இருக்கிற நிறமும் இரத்தக் குழாய்களும் நிறைந்த நடுப்படலத்தின் அழற்சி. பூளை இருக்காது, ஆனால் நோவு இருக்கும், வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமல் கூசும், பார்வை மங்கும், சிவப்பு கருவிழியைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி நிற்கும். கண்ணின் பின்பக்கத்தில் வந்தால் சிவப்பும் இல்லை நோவும் இல்லை, பார்வை மட்டும் பனிமூட்டம் போட்ட மாதிரி ஆகும். இரண்டாவது ஸ்கிளரைட்டிஸ், வெள்ளைவிழியின் ஆழமான அழற்சி, இரவில் நித்திரையைக் கலைக்கிற நோவு இதன் அடையாளம். மூன்றாவது, எங்களைப் போல வயலும் தோட்டமுமாய் இருக்கிற சனத்துக்கு முக்கியமானது, கருவிழிப் புண்.

இந்த மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடாதீர்கள். வருகிற காரணம் வேறு, ஆள் வேறு, காலம் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் கீறுங்கள். யுவியைட்டிஸுக்கு உலக வல்லுநர்கள் கூடிச் செய்த ஒரு பொது வரையறை 2005 இல் வெளிவந்தது: முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம், கண் முழுவதும் என்று நான்கு வகை. திடீரென்று வந்து மூன்று மாதத்துக்குள் முடிந்தால் அது ஒரு கணக்கு, மருந்தை நிறுத்தி மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தால் அது நாட்பட்டது. இது ஏன் முக்கியம் என்றால், திரும்ப வருகிற ஆளைப் புது ஆளாக எண்ணக்கூடாது.

புதிதாக வந்தவரா, நோயோடு இருப்பவரா?

ஒரு குளத்தை யோசியுங்கள். வாய்க்காலால் வருடத்துக்கு எவ்வளவு தண்ணி வந்து விழுகிறது என்பது ஒரு எண். இன்றைக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்பது இன்னொரு எண். வருடத்தில் புதிதாக நோய் பிடிக்கிறவர்கள் வரத்து, நோயோடு இருக்கிறவர்கள் நீர்மட்டம். வரத்தை நோய் நீடிக்கிற காலத்தால் பெருக்கினால் நீர்மட்டம் கிட்டத்தட்ட வரும். சனம் "இது எவ்வளவு பரவலாக இருக்கு" என்று கேட்கும்போது எதைக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, ஆகவே நீங்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்து எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள்: எத்தனை பேரில்? எவ்வளவு காலத்தில்? யார், எதைக்கொண்டு பார்த்து எண்ணினார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணை முகப்புத்தகத்தில் பகிரலாம், கூட்டத்தில் சொல்லக்கூடாது.

இரவல் கணக்கு

சொந்தமாக எண்ணுவதற்கு முன், ஏற்கெனவே எண்ணினவர்களின் எண்ணை இரவல் வாங்கி எங்கள் சனத்தொகைக்குப் பொருத்திப் பாருங்கள். அரைநாள் வேலைதான். 2012 கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறக்குறைய 92,000 பேர். பழைய எண்தான், ஆனால் பழகுவதற்குப் போதும். உங்கள் கையில் புது எண் இருந்தால் அதைப் போடுங்கள்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரொச்செஸ்டர் நகரச் சனத்தை வைத்துச் செய்து 1962 இல் வெளியிட்ட ஆய்வு, வருடத்துக்கு 100,000 பேரில் 17.4 பேருக்குப் புதிதாக யுவியைட்டிஸ் வருகிறது என்றது. அதே ஆய்வு, நோயுள்ளவர்கள் 100,000 இல் 204 பேர் என்றது. 2004 இல் வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவக் காப்புறுதி அமைப்பின் பதிவேடுகளைத் துருவிப் பார்த்தவர்கள் புதியவர்கள் 52.4 என்றும், ஒரு வருடத்துக்குள் நோயோடு இருந்த புதியவர் பழையவர் எல்லாரும் 115.3 என்றும் சொன்னார்கள்.

முல்லைத்தீவுக்குப் பெருக்கினால்: முதல் ஆய்வின்படி வருடத்துக்குப் புதிதாக 16 பேர், இரண்டாவதின்படி 48 பேர். நோயோடு இருப்பவர்கள் முதலாவதின்படி 188, இரண்டாவதின்படி 106.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வரத்து மூன்று மடங்கு கூடிய ஆய்வில் நீர்மட்டம் பாதியாகக் குறைகிறது. எப்படி? 204 ஐ 17.4 ஆல் வகுங்கள், ஏறக்குறைய 12 வருடம் வருகிறது. 115.3 ஐ 52.4 ஆல் வகுத்தால் 2 வருடத்துக்குக் கொஞ்சம் கூட. அதாவது, முதல் கணக்கில் ஒருமுறை நோய் வந்த ஆள் பன்னிரண்டு வருடம் நோயாளியாகவே எண்ணப்பட்ட மாதிரி இருக்கிறது. நோய் வேறுபடவில்லை, "நோயோடு இருப்பவர்" என்ற சொல்லின் அளவு வேறுபட்டிருக்கிறது. இப்படி வகுத்துப் பார்க்கிற பழக்கம் ஒன்றே போதும், பாதி ஆய்வுகளின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எங்களுக்குக் கிட்டப் போவோமா? ஹைதராபாத் நகரத்தில் ஆட்களைத் தெரிவுசெய்து 2,522 பேரை நேரடியாகப் பரிசோதித்த ஆய்வு, இப்போதோ முன்போ யுவியைட்டிஸ் வந்த அடையாளம் உள்ளவர்கள் 0.73 சதவீதம் என்றது. அதை முல்லைத்தீவுக்குப் போட்டால் 670 பேர் வருகிறது! ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்க்காமல் கண்ணையே பார்த்தார்கள், ஆறிப்போன தழும்பையும் சேர்த்தார்கள், அதனால்தான் இந்த உயரம். மருந்தெடுக்க வேண்டிய நிலையில் இன்றைக்கு இருப்பவர்கள் அவர்களில் ஒரு பகுதி மட்டும்.

ஸ்கிளரைட்டிஸ் அரிது. கலிபோர்னியாவில் அதே பதிவேட்டு முறையில் பார்த்தபோது வருடத்துக்கு 100,000 இல் 3.4 புதியவர்கள், எங்கள் மாவட்டத்துக்கு மூன்று பேர். கருவிழிப் புண் அப்படி இல்லை. மதுரை மாவட்டத்தில் 1993 க்குப் போட்ட கணக்கு 100,000 பேருக்கு 113, மினசோட்டாவில் அதே நோய்க்கு 11. பத்து மடங்கு! அங்கே பெரும்பாலும் கண்வில்லை (கொன்டாக்ட் லென்ஸ்) போடுகிறவர்களுக்கு வருகிறது, இங்கே நெற்கதிரும் உமியும் சுள்ளியும் கண்ணில் அடிக்கிறவர்களுக்கு. மதுரை மாதிரி என்று வைத்தால் முல்லைத்தீவில் வருடத்துக்கு 100 க்கு மேல், மினசோட்டா மாதிரி என்றால் 10. எந்த ஊர் எங்கள் ஊரைப் போல என்று நீங்களே தீர்மானியுங்கள். சூடடிக்கிற களத்தில் ஒருநாள் நின்ற எவருக்கும் அதில் சந்தேகம் வராது.

கிளினிக் கொப்பி சொல்கிற பொய்

கொப்பி பொய் சொல்லாது, கேட்கிறவர்தான் பிழையாகக் கேட்பார். என் சொந்தக் கதையையே சொல்கிறேன். ஒருமுறை ஆறு மாதத்தில் எத்தனை யுவியைட்டிஸ் என்று கேட்டபோது வரிகளை எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஒரே அம்மா பத்துத் தரம் வந்திருந்தார், ஒரு தம்பி மருந்தைக் குறைக்கக் குறைக்க இரண்டு கிழமைக்கொருக்கால் வந்திருந்தான். வரவுகளை ஆட்கள் என்று எழுதியதில் எண் நாலு மடங்காகிவிட்டது. நல்லவேளை, டொக்டர் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

ஆகவே முதலில் கிளினிக் இலக்கத்தை வைத்து ஒரு ஆளுக்கு ஒரு வரியாகச் சுருக்குங்கள். பெயர் எழுத வேண்டாம், இலக்கம், வயது, ஆணா பெண்ணா, கிராம சேவையாளர் பிரிவு, முதல் வந்த மாதம், நோய் வகை, இவ்வளவும் போதும். இதற்கும் ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும், வெளியிடுகிற நோக்கம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். தெரிந்த ஆள் இருக்கிறார் என்று கொப்பியைப் போனில் படம் எடுத்து வருகிற வேலை வேண்டாம்.

வாட்டில் படுத்தவர்களுக்கு நோய்க்குறியீடு எழுதப்படும். அப்படியான பதிவில் எச் 20, எச் 30 யுவியைட்டிஸ் பக்கம், எச் 15 வெள்ளைவிழி, எச் 16 கருவிழி. ஆனால் யுவியைட்டிஸ் ஆட்களில் பெரும்பாலானோர் படுப்பதில்லை, துளிமருந்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்சில் ஏறிவிடுவார்கள். வாட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் மிச்சப்பேர் காணாமல் போவார்கள்.

அடுத்த பொறி, எந்த ஆஸ்பத்திரியின் கொப்பி என்பது. 1996 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் சாதாரணக் கண் டொக்டர்களிடம் வந்தவர்களையும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். சாதாரண இடத்தில் 90.6 சதவீதம் முன்பக்க அழற்சி, பல்கலைக்கழகத்தில் 60.6 தான். கடினமான ஆட்கள் மேலே மேலே போய்ச் சேருகிறார்கள், லேசானவர்கள் கீழே நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பப்பட்டவர்களை மட்டும் பார்த்தால் வன்னியில் எல்லாருக்கும் மோசமான வகைதான் என்று தோன்றும். எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியை மட்டும் பார்த்தால் பின்பக்க அழற்சியே இல்லை என்று தோன்றும். இரண்டும் தோற்றம்.

கொப்பிக்கு வராத சனமும் உண்டு. ஒட்டுசுட்டானுக்கு அங்கால் இருந்து வருகிற ஒரு கமக்காரனுக்கு கிளினிக் என்றால் ஒருநாள் கூலி போச்சு. அறுவடை நேரம் என்றால் யோசிக்கவும் மாட்டார். பாமசியில் சிவந்த கண்ணைக் காட்டி ஒரு துளிமருந்து வாங்குவார். அதில் ஸ்டீரொயிட் இருந்து, அவருக்கு இருப்பது பூஞ்சணத்தால் வந்த கருவிழிப் புண்ணாகவும் இருந்தால், கண் போகிற பாதை அதுதான். அவர் கொப்பியில் ஏறுகிறபோது மூன்று கிழமை பிந்திவிடும், அல்லது ஏறவே மாட்டார்.

முகாமில் ஒருவரும் இல்லை என்றால்?

கண் முகாம் நடத்திக் கணக்கெடுக்கலாம் என்று நினைக்கிற தம்பிமாருக்கு இரண்டு கெட்ட செய்தி. ஒன்று, முகாமுக்குக் கண் பிரச்சினை உள்ளவர்கள்தான் வருவார்கள், அங்கே கிடைக்கிற சதவீதம் ஊருடைய சதவீதம் இல்லை. இரண்டு, ரோச் லைட்டால் யுவியைட்டிஸ் பிடிபடாது. கண்ணுக்குள் மிதக்கிற அழற்சிக் கலங்களைப் பார்க்க ஸ்லிட் லாம்ப் (கண் டொக்டர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஒளிக்கருவி) வேண்டும், பின்பக்கத்துக்குக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். மூட்டுவாதம் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற யுவியைட்டிஸ் கண்ணைச் சிவக்க வைக்காது, பிள்ளை ஒன்றும் சொல்லாது. "கண் நோகுதா?" என்று வீடு வீடாய்க் கேட்டுப் போனால் இவர்கள் எல்லாரும் தப்பிவிடுவார்கள்.

சரி, ஸ்லிட் லாம்பும் இருக்கு, வீடுகளையும் குலுக்கல் முறையில் தெரிந்தாயிற்று, 1,000 பேரைப் பார்த்தாயிற்று, ஒருவருக்கும் இல்லை. எங்கள் ஊரில் இந்த நோய் இல்லை என்று எழுதலாமா? கூடாது. இதற்கு ஒரு சின்னச் சூத்திரம்: ஒருவரையும் காணாவிட்டால், 3 ஐப் பார்த்த ஆட்களின் தொகையால் வகுங்கள். 3 ஐ 1,000 ஆல் வகுத்தால் 0.3 சதவீதம், அதாவது 100,000 க்கு 300 வரை இருந்திருந்தாலும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். கலிபோர்னியாக்காரர் சொன்ன 115 ஐவிட அது மிகக் கூட. 200 பேர் முகாம் என்றால் 1,500 வரை போகும். வெறும் கையோடு வருவதும் ஒரு விடைதான், ஆனால் அதன் அளவைச் சொல்லியே ஆக வேண்டும்.

உண்மையில் 0.3 சதவீத நோயை, 0.1 கூடக்குறைய என்ற நுணுக்கத்தில் அளக்க ஏறக்குறைய 11,500 பேரைப் பார்க்க வேண்டும். முல்லைத்தீவில் எட்டுப் பேருக்கு ஒருவர்! கிராமம் கிராமமாய்க் கொத்தாகத் தெரிந்தால் இன்னும் கூட. ஒரு சங்கத்தால் முடிகிற காரியம் இல்லை, வெட்கப்படவும் தேவையில்லை.

இரண்டு பட்டியல் வித்தை

காசில்லாத ஆட்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பட்டியல் எடுங்கள். உதாரணத்துக்கு, அரச கிளினிக்கில் 30 பேர், தனியார் கண் டொக்டரிடம் போனவர்கள் 20 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 12 பேர் என்று வைப்போம். 30 ஐ 20 ஆல் பெருக்கி 12 ஆல் வகுங்கள், 50 வருகிறது. கையில் பெயருள்ளவர்கள் 38, ஆகவே இரண்டிலும் படாதவர்கள் 12 பேர் அளவில் எங்கோ இருக்கிறார்கள். குளத்தில் மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டுத் திரும்ப வலை போடுகிற அதே யுக்தி. ஒரு நிபந்தனை, தனியார் டொக்டர் தன்னிடம் வந்தவர்களையெல்லாம் அரச கிளினிக்குக்கு அனுப்புகிறவர் என்றால் இரண்டு பட்டியலும் ஒட்டிவிடும், மொத்தம் குறைவாகக் காட்டும். முதலில் அதை விசாரியுங்கள்.

வகுக்கிற எண்ணையும், அதாவது ஊரின் சனத்தொகையையும், கவனியுங்கள். கிராம சேவையாளரிடம் உள்ள பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். திருவிழாவுக்கு வந்து நிற்கிறவரை எண்ணவும் கூடாது. 2009 க்கு முந்திய எந்த எண்ணையும் இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு "கூடியிருக்கு, குறைஞ்சிருக்கு" என்று சொல்லாதீர்கள். இடம்பெயர்ந்து, திரும்பி, மறுபடி குடியேறிய மண்ணில் மேலேயிருக்கிற எண்ணும் (நோயாளிகள்) கீழேயிருக்கிற எண்ணும் (சனத்தொகை) இரண்டுமே மாறிவிட்டன.

வன்னிக்கென்று மூன்று நிரல்

எலிக்காய்ச்சல் வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். 1993 கடைசியில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்து, எலிக்காய்ச்சல் பரவி, அதற்குப் பிறகு கண்ணழற்சியோடு வந்த 73 பேரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டொக்டர்கள் ஒன்றாக விவரித்தார்கள். காய்ச்சல் மாறி வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் கண் பிடிக்கும், நோயாளியே இரண்டையும் தொடுத்துப் பார்க்க மாட்டார். எலிக்காய்ச்சல் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய், மாவட்ட எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடுகிறது. யுவியைட்டிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மாரியில் வயலில் இறங்கியவர், எலிக்காய்ச்சல் எண் ஏறிய மாதம், பிறகு கிளினிக்கில் கண் எண் ஏறிய மாதம், மூன்றையும் ஒரே தாளில் கீறிப் பாருங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள் நின்றதே, அப்படியான வருடத்தையும் காய்ந்த வருடத்தையும் கலந்து சராசரி எடுக்காதீர்கள்.

இரண்டாவது, கண்ணில் அடிபட்டதா, எதால், எப்போது. கதிர், உமி, சுள்ளி என்றால் புண் நிரல். இங்கே கணக்கை விட்டு ஒரு வார்த்தை: நேபாளத்தில் பக்தபூரில் ஊர்த் தொண்டர்களைப் பழக்கி, கருவிழி உராய்ந்தவர்களுக்குக் குளோரம்பெனிகோல் களிம்பு பூச வைத்தார்கள், 18 மணித்தியாலத்துக்குள் தொடங்கிய ஒருவருக்கும் புண் வரவில்லை. தாய்ப்பாலும் இலைச்சாறும் விடுகிற நேரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்.

மூன்றாவது கேட்கக் கஷ்டமானது. ஷெல் துண்டு பட்ட கண் உள்ளவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். ஒரு கண் துளைபட்டால், அரிதாக, வருடங்கள் கழித்தும் நல்ல கண்ணில் அழற்சி வரும். இதைத் தனி நிரலில் எழுதுங்கள், மற்றதோடு கலந்தால் வெளிநாட்டு எண்களோடு ஒப்பிட ஏலாது. கேட்கும்போது கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து கேளுங்கள், படிவத்தைப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள்.

அந்த ஒழுங்கைக்கு வருவோம். நாற்பது வீடு, 150 பேர் என்று வைத்தால் 100,000 க்கு 115 என்ற கணக்கில் 0.17 ஆள் வர வேண்டும், மூன்று பேர் என்பது அதிசயம் போலத் தெரியும். ஆனால் மாவட்டத்தில் எத்தனை ஒழுங்கை? முதலில் மூன்று பேரைக் கண்டுவிட்டு அவர்களைச் சுற்றி வட்டம் கீறினால் எந்த ஊரிலும் ஒரு அதிசயம் கிடைக்கும். எல்லையை முதலில் கீறிவிட்டு அதற்குப் பிறகு எண்ணப் போங்கள்.

மூன்று வீட்டுக்கும் போய்க் கிளினிக் கொப்பியைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு வெண்புரை, சத்திர சிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கு வெட்டு மெசினுக்குப் பக்கத்தில் நின்று கதிர் அடித்த கருவிழிப் புண். மூன்றாவது வீட்டு அக்காவுக்கு மட்டும் யுவியைட்டிஸ், போன மாரியில் காய்ச்சலோடு பத்து நாள் வாட்டில் இருந்தவர், கண் டொக்டரிடம் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லவே இல்லையாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்த வாட்டுத் துண்டையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டு வந்தேன்.